கூப்பிடு தூரம்

ஞாயிற்றுக்கிழமை காலை. லெஸ்டர் அடுப்பில் ஆட்டிறைச்சித் துண்டுகளை வாட்டிக்கொண்டிருந்தபோது, கொசுவலைக் கதவைக் காலால் தள்ளித் திறந்துகொண்டு அவன் தங்கை வெர்னா உள்ளே வந்தாள். ஒரு கையில் பாட்டுப் பெட்டி, இன்னொரு கையில் தபாலில் வந்த உறை.

"அண்ணே, வந்துடுச்சு."

"எது?"

"அம்மா."

லெஸ்டரின் கையிலிருந்த இடுக்கி அப்படியே நின்றது.

டல்கானா ஊரின் ஆற்றங்கரைப் பழங்குடிக் குடியிருப்புக்கு நாற்பத்தோரு வருடங்களுக்கு முன்னால் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் டேப் ரெக்கார்டரோடு வந்திருந்தாள். இவர்களுடைய அம்மாவை உட்காரவைத்து அரை மணி நேரம் பேசவிட்டுப் பதிவு செய்துகொண்டு போனாள். அந்த டேப் தலைநகரத்து நூலகம் ஒன்றில் தூங்கிக் கிடந்தது. அதைத்தான் வெர்னா எழுதி எழுதி, சிடியில் நகலெடுத்து வாங்கியிருந்தாள்.

"நீங்க அவங்க மகதான்னு எப்படி நம்புறதுன்னு கேட்டாங்கண்ணே. சின்ன வயசுல என்னைப் பறிச்சுக்கிட்டுப் போனப்ப சர்க்கார் போட்ட உத்தரவு என்கிட்ட இருக்கு, அதை அனுப்பட்டுமான்னு கேட்டேன். அடுத்த வாரமே சிடி வந்துடுச்சு."

சொல்லிக்கொண்டே பெட்டியை மேசைமேல் வைத்துப் பொத்தானை அழுத்தினாள். கரகரவென்ற சத்தம். எங்கோ நாய் குரைத்தது. பிறகு அம்மாவின் குரல்.

அவர்கள் ஊரில் அந்த மொழியைப் 'பேச்சு' என்றுதான் சொல்வார்கள். 'அவனுக்குப் பேச்சு வரும்' என்றால் தாய்மொழி தெரியும் என்று பொருள். வெர்னாவுக்குப் பேச்சு வராது. பழைய வங்கிக் கட்டடத்தில் மொழி மையம் ஒன்றை நடத்தி, வியாழக்கிழமைதோறும் ஏழெட்டுப் பேருக்கு வகுப்பு எடுக்கிறவள் அவள்தான். ஆனால் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பாதிரியார் நூறு வருடத்துக்கு முன்னால் எழுதிவைத்த சொற்பட்டியல். மீன், நெருப்பு, மழை, மூக்கு. அம்மாவின் குரலை அவள் ஓடும் தண்ணீரின் சத்தத்தைக் கேட்பதுபோலக் கேட்டாள்.

லெஸ்டருக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

இந்தப் பெட்டிக்குத் தீனி போடணுமா, நான் பேசினா மட்டும் போதுமா என்று அம்மா முதலில் கேட்டாள். லெஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டான். பிறகு இருமல் நோய் வந்த குளிர்காலத்தைப் பற்றிச் சொன்னாள். அதில் குடியிருப்பில் செத்துப்போன ஏழு குழந்தைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எண்ணினாள். அவர்களைப் புதைத்த இடத்தைச் சொன்னாள். அப்புறம் வெர்னாவைப் பற்றிப் பேசினாள்.

அடுப்பில் கறி தீய்ந்தது. லெஸ்டர் திரும்பிக்கொண்டு சட்டியைப் பிடித்தான்.

"ஏதாச்சும் புரியுதாண்ணே?"

"எனக்கு எங்க புரியப்போகுது? மறந்து எத்தனை காலமாச்சு."

"பரவாயில்ல. குரலாவது கேட்டேனே, எனக்கு அது போதும்" என்றாள் வெர்னா.

கொஞ்ச நேரம் கழித்து உறையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். பல்கலைக்கழகப் பெண் ஆங்கிலத்தில் எழுதிவைத்த சுருக்கம். மொத்தமே ஆறு வரி. 'ஏழு குழந்தைகள் பம்பு அருகே புதைக்கப்பட்டதாகக் கூறுகிறார். பிறகு சொந்த விஷயங்கள்.'

"நூலகத்துல கிடந்த இந்த ஆறு வரிய வெச்சுத்தான் போன வருஷம் ஆய்வுக்காரங்க ஆத்தோரப் பம்பைச் சுத்தி, மண்ணுக்கடியில பாக்குற மிஷின் வெச்சுப் பாத்தாங்க. ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. அதான் சுற்றுலாக்காரங்க வண்டியோட வந்து தங்குற கேரவன் பூங்காவுக்கு ஊர்க் கவுன்சில் அனுமதி கொடுத்துடுச்சு. நாளைக்கு நீதானே அங்க இருக்கற மணல் மேட்டைச் சமன் பண்ணப் போற?"

"வேலை போட்டா போய்த்தானே ஆகணும்."

"உன்னைக் குத்தம் சொல்லலண்ணே" என்று சொல்லிவிட்டு, தீய்ந்த துண்டிலேயே ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டு அவள் போனாள்.

லெஸ்டர் அன்று முழுக்கத் தோட்டத்தில் வெட்டிய மரத்தின் அடிக்கட்டையில் உட்கார்ந்திருந்தான்.

அவனுக்கு எட்டு வயதிருக்கும்போது நடந்தது அது. ஆற்றங்கரைக் குடியிருப்புக்குத் தொப்பி வைத்த ஒருவன் போலீஸ்காரனோடு வந்தான். பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக்கொண்டுபோகும் குழந்தைகள் நலத்துறை ஆள். அவன் வந்தால் அம்மாக்கள் பிள்ளைகளைப் புதருக்குள் தள்ளிவிடுவார்கள். அன்றைக்கு லெஸ்டர் மட்டும் வெட்டவெளியில் மாட்டிக்கொண்டான். "தம்பி, உன் தங்கச்சி எங்கே?" என்று அந்த ஆள் குனிந்து கேட்டான். பயத்தில் அவனுக்கு ஆங்கிலம் வரவில்லை. 'அம்மாவோடு தண்ணிக்குள்ள இருக்கா' என்று பேச்சிலேயே சொல்லி ஆற்றைக் கை காட்டினான். தொப்பிக்காரன் போலீஸ்காரனைப் பார்த்துச் சிரித்துவிட்டு நோட்டில் ஏதோ எழுதினான். இரண்டாம் நாள் கார் வந்தது. ஐந்து வயது வெர்னா மஞ்சள் கவுனோடு அதில் ஏற்றப்பட்டாள்.

பேச்சு பேசியதால்தான் தங்கை போனாள் என்று எட்டு வயதுப் பையன் முடிவு செய்தான். இங்கிலீஷ் தெரியாத காட்டுப் பிள்ளை என்று எழுதியிருப்பான், அதனால்தான் கார் வந்தது. யாரிடமும் அவன் அதைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வெள்ளைக்காரர் காதில் விழும்படி ஒரு சொல்கூடப் பேசியதில்லை. ஆட்டுப் பண்ணைகளில் மாமன்மாரோடு வேலை செய்த காலத்தில் மட்டும், சுற்றிலும் யாரும் இல்லாத இடத்தில், குதிரைமேல் போகும்போது பேசுவான். கடைசி மாமன் செத்து இருபத்தேழு வருடம் ஆகிறது. அதோடு அந்த வாயையும் மூடிவிட்டான்.

வெர்னா முப்பத்தோரு வயதில் ஒரு சூட்கேஸோடு ஊர் திரும்பியபோது அம்மா போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அண்ணனுக்குப் பேச்சு வருமா என்று அவள் கேட்ட முதல் நாளே, வராது என்று சொல்லிவிட்டான். சொன்னதை மாற்ற முடியவில்லை. வகுப்பு நடக்கும்போது வங்கிக் கட்டடத்தின் பக்கம் வண்டியில் போனால், உள்ளே அவர்கள் 'மழை' என்ற சொல்லைத் தப்பும் தவறுமாகச் சொல்வது காதில் விழும். சரியான உச்சரிப்பை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வேகத்தைக் கூட்டிவிடுவான்.

திங்கட்கிழமை அவன் வேலைக்குப் போனான். வேறு என்ன செய்வதென்று தெரியாமல்தான் போனான். ஆற்றோரம் இளஞ்சிவப்பு நாடா கட்டிய முளைகள் வரிசையாக நின்றன. மேற்பார்வையாளன் கிரெய்க் வரைபடத்தை வண்டியின் முன்பக்கத்தில் விரித்திருந்தான். வெள்ளைக்காரன். கவுன்சில் வேலையில் லெஸ்டரோடு பத்தொன்பது வருடமாக ரோடு போடுகிறவன்.

"மேட்டுலேர்ந்து ஆரம்பிக்கலாமா, லெஸ்?"

"கீழ்ப்பக்கத்துலேர்ந்து வர்றேன்."

"ஏன்?"

"சும்மாதான்."

கீழ்ப்பக்கம் பத்து மணிக்கே முடிந்துவிட்டது. கிரெய்க் மேட்டைக் காட்டிக் கையசைத்தான். லெஸ்டர் மண்ணைச் சீவிச் சமன் செய்யும் கிரேடர் வண்டியை மணல் மேட்டின் அடிவாரம்வரை ஓட்டினான். அலகை இறக்க வேண்டிய இடத்தில் தூக்கியே வைத்திருந்தான். இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. அம்மா சொன்ன ஏழு பெயர்களும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. பம்பிலிருந்து நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கமாகப் போய், அங்கிருந்து தண்ணிக்கு முதுகு காட்டிப் போகணும், மொத்தம் ஒரு கூப்பிடு தூரம் என்று அம்மா சொல்லியிருந்தாள். அவர்கள் பேச்சில் வலம் இடம் கிடையாது. ஆறு எந்தப் பக்கம் போகிறது என்பதை வைத்துத்தான் எதையும் சொல்வார்கள். ஆங்கிலத்தில் எழுதியவள் அத்தனையையும் 'அருகே' என்ற ஒரே சொல்லில் சுருட்டிவிட்டாள்.

சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினான்.

"என்னாச்சு? டீசல் அடைச்சுக்கிச்சா?" என்று கிரெய்க் கத்தினான்.

"இல்ல. நீ மேட்டு உச்சியில போய் நில்லு. நான் பம்புகிட்ட இருந்து கூப்பிடறேன். காதுல விழுந்தா தொப்பியத் தூக்கிக் காட்டு."

"எதுக்கு?"

"நின்னு பாரேன், சொல்றேன்."

பழைய பம்பு இருந்த இடத்தில் இப்போது உடைந்த சிமென்ட் திட்டு மட்டும் இருந்தது. லெஸ்டர் அதன்மேல் ஏறி நின்றான். கைகளைக் குவித்து வாயருகே வைத்தான். இருமினான். பிறகு, சாயங்காலங்களில் அம்மா பிள்ளைகளைக் கூப்பிட்ட அதே இழுப்போடு, பேச்சில் உரக்கக் கூப்பிட்டான்.

தைல மரங்களிலிருந்து கொக்கட்டூக் கிளிகள் கூட்டமாகக் கிளம்பின. மேட்டில் கிரெய்க் தொப்பியைத் தூக்கினான்.

லெஸ்டர் நடந்து மேட்டுக்கு வந்தான்.

"கேட்டுச்சு. அதுக்கு மேல ஒரு பத்தடி போயிருந்தா கேட்டிருக்காது. என்ன சொல்லிக் கூப்பிட்ட?"

"சாப்பிட வாங்கன்னு."

"யாரை?"

"உன் காலுக்குக் கீழ இருக்கற பிள்ளைங்களை. ஏழு பேரு."

கிரெய்க் காலைப் பார்த்தான். சூடான தகரத்தில் நிற்பவன்போல மெல்லப் பின்னால் வந்து மேட்டை விட்டு இறங்கினான். தொப்பியைத் திரும்ப வைக்கவில்லை.

"உனக்கு அந்த மொழி தெரியாதுன்னுல்ல சொல்லுவ?"

"சொன்னேன். பொய்."

கிரெய்க் கிரேடரைத் திரும்பிப் பார்த்தான். "வண்டியில எண்ணெய் கசியுதுன்னு ஆபீஸுக்குச் சொல்லிடறேன். ரெண்டு நாள் தள்ளிப்போடலாம். அதுக்குள்ள ஏதாச்சும் பண்ணு."

"வேணாம். வண்டி நல்லாத்தான் இருக்கு, லெஸ்டர் ஓட்ட மாட்டேன்னுட்டான்னு சொல்லு. காரணத்தை நானே வந்து சொல்றேன்."

அங்கிருந்து நேராக வங்கிக் கட்டடத்துக்குப் போனான். வெர்னா ஒரு பெரிய தாளில் 'மூக்கு' என்று எழுதி அதற்குப் படம் வரைந்துகொண்டிருந்தாள். லெஸ்டர் உட்காரவில்லை. தாளைக் காட்டி அந்தச் சொல்லைச் சரியாக உச்சரித்தான். கடைசி எழுத்து மூக்கிலிருந்து வர வேண்டும், தொண்டையிலிருந்து அல்ல என்றான்.

வெர்னாவின் கையிலிருந்த பேனா மூடி கீழே விழுந்து உருண்டது.

"எவ்வளவு தெரியும்?"

"எல்லாம்."

"எப்பலேர்ந்து?"

"எப்பவும் தெரியும்."

"இருபத்தஞ்சு வருஷம்" என்றாள் வெர்னா. குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் லெஸ்டருக்கு எளிதாக இருந்திருக்கும். "நான் ஒரு வார்த்தைக்காக ஊர் ஊரா லெட்டர் போட்டுக்கிட்டு இருந்தேன். நீ ரெண்டு தெரு தள்ளி உக்காந்து கறி வாட்டிக்கிட்டு இருந்திருக்க."

"உன்னைக் காரில ஏத்துனதே என் வாயாலதான், வெர்னா."

அவன் தொப்பிக்காரனைப் பற்றிச் சொன்னான். ஆற்றைக் கை காட்டியதைச் சொன்னான். மஞ்சள் கவுனைச் சொன்னான். சொல்லி முடிக்கும்போது அவன் எட்டு வயதுப் பையனாகத்தான் நின்றான், ஐம்பத்தொன்பது வயது என்றால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

வெர்னா எழுந்து இரும்பு அலமாரியைத் திறந்தாள். கயிறு கட்டிய ஒரு கோப்பை எடுத்து மேசையில் போட்டாள்.

"இதை நீ ஒரு தடவைகூடக் கேட்டதில்லையே. என் கதையெல்லாம் இதுலதான் இருக்கு. படி. மேல இருக்கற தேதியப் படி."

லெஸ்டர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டான். அவளை எடுத்துப் போகும்படி போட்ட உத்தரவு. மார்ச் மாதம் பதினான்காம் தேதி கையெழுத்தாகியிருந்தது.

"அந்த ஆள் வந்தது எப்ப?"

"குளிர்காலம். ஜூன்ல."

"அதுக்கு மூணு மாசத்துக்கு முன்னாலயே என்னை எடுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. நீ பேச்சுல சொன்னாலும் எடுத்திருப்பாங்க, ராணி மாதிரி இங்கிலீஷ்ல சொன்னாலும் எடுத்திருப்பாங்க. அடுத்த பக்கத்தைப் பாரு, அந்த ஆள் எழுதுனது. 'பையனிடம் விசாரித்தேன். குழந்தை ஊரில் இருக்கிறது. வியாழன் அன்று உத்தரவை நிறைவேற்றலாம்.' அவ்வளவுதான். உன் வாய் அவ்வளவு பெருசு இல்லண்ணே."

லெஸ்டர் அந்தத் தேதியை விரலால் தொட்டுத் தொட்டு மூன்று முறை படித்தான். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். வெர்னா கெட்டிலைப் போட்டு இரண்டு கோப்பை தேநீர் கலந்தாள். அவளுக்குக் கோபம் போய்விடவில்லை. சர்க்கரையைக் கேட்காமலே குறைத்துப் போட்டாள்.

"சரி, பெட்டியப் போடறேன். ஒவ்வொரு வரியா சொல்லு" என்றாள்.

அன்று மாலைவரை சொன்னான். பெட்டிக்குத் தீனி போடணுமா என்ற இடத்தில் வெர்னா விழுந்து விழுந்து சிரித்தாள். ஏழு பெயர்களையும் எழுதிக்கொண்டாள். 'சொந்த விஷயங்கள்' என்று பல்கலைக்கழகப் பெண் ஒதுக்கிய பகுதி வந்தபோது லெஸ்டர் பெட்டியை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்துச் சொன்னான்.

"அம்மா சொல்றாங்க: இந்த ஏழு பேரோட என் மகளைச் சேத்து எண்ண மாட்டேன். அவ உசிரோட இருக்கா. ஆத்தோரமாவே நடந்து வருவா. வந்தா அவளோட பேரைச் சொல்லுங்க."

"என் பேரா? வெர்னாவா?"

"அது சர்க்கார் புஸ்தகத்துக்கு வெச்ச பேரு."

அவன் அவளுடைய பெயரைச் சொன்னான். வறண்ட காலத்துக்குப் பிறகு ஆற்றில் வரும் முதல் வெள்ளம் என்று அதற்குப் பொருள். அந்தச் சொல் அவர்கள் குடும்பத்துக்குரியது, இங்கே எழுத வேண்டியதில்லை. வெர்னா அதைத் திருப்பிச் சொன்னாள். தப்பாகச் சொன்னாள். அவன் திருத்தினான். நான்காவது முறை சரியாக வந்தது.

புதன்கிழமை நாலு மணிக்குக் கவுன்சில் கூட்டம். தலைவர் திருமதி ஹார்க்னஸ் நேர்மையானவர், ஆனால் காகிதத்தில் இருப்பதை மட்டுமே நம்புகிறவர். அவர் ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார்.

"மிஸ்டர் லெஸ்டர், போன வருஷம் ஆய்வுக்காரங்க உங்களைக் கேட்டிருக்காங்க. அந்த மொழி எனக்குத் தெரியாதுன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இப்ப தெரியும்கிறீங்க. நாங்க எதை நம்புறது?"

"கையெழுத்துப் போட்டது பொய்ம்மா. பயந்துக்கிட்டுப் போட்டேன். அதுக்கு என்ன நடவடிக்கை உண்டோ எடுத்துக்குங்க. ஆனா இதை முதல்ல கேளுங்க."

வெர்னா பெட்டியைப் போட்டாள். அம்மா ஒரு வாக்கியம் சொல்வாள், வெர்னா நிறுத்துவாள், லெஸ்டர் எழுந்து நின்று ஆங்கிலத்தில் சொல்வான். சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் பம்பையும், நீரோட்டத்தின் திசையையும், கூப்பிடு தூரத்தையும் விரலால் காட்டினான். விரல் மணல் மேட்டில் போய் நின்றது. பின்வரிசையில் கிரெய்க் எழுந்து, "தூரத்தை நான் காதால அளந்தேன், மேடம். கரெக்டா இருக்கு" என்றான். அறையில் சிலர் சிரித்தார்கள். திருமதி ஹார்க்னஸும் சிரித்துவிட்டார். மேட்டில் வேலையை நிறுத்தவும், மறுபடி ஆய்வு செய்யவும் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் முடிவானது. கையெழுத்து விஷயத்தை யாரும் மறுபடி எடுக்கவில்லை.

மூன்று வாரத்தில் மிஷின் வந்தது. யாரும் தோண்டவில்லை. மண்ணுக்கடியில் குட்டையான ஏழு குழிகளின் உருவம் திரையில் தெரிந்தது. கேரவன் பூங்கா பம்புக்குக் கீழ்ப்பக்கம் நகர்ந்தது. மேட்டைச் சுற்றி மரவேலி போட்ட நாளில் ஆற்றங்கரைக் குடும்பங்கள் எல்லாம் கூடின. வேலியின் குழிகளைக் கிரெய்க்கும் லெஸ்டரும்தான் தோண்டியிருந்தார்கள். பெட்டியில் இருந்த அம்மாவின் சொற்களை லெஸ்டர் எல்லார் முன்னாலும் பேச்சில் சொன்னான். வெர்னா அந்தந்தப் பெயர்களைச் சொன்னாள்.

எல்லாரும் கலைந்து ரொட்டியும் தேநீருமாக நின்றபோது, எழுபது தாண்டிய நோரீன் ஆன்ட்டி லெஸ்டரின் சட்டைக் கையை இழுத்தார். தேவாலயத்தில் பூ வைக்கிறவர். பேச்சு என்றாலே அதெல்லாம் அந்தக் காலத்தோடு போச்சு என்று அடித்துச் சொல்கிறவர். வேலிப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, 'தூங்குறாங்க'ன்னு ஒரு வார்த்தை சொன்னியே, அது தப்பு. அது ஒருத்தர் தூங்கும்போது சொல்றது. நிறையப் பேரு சேந்து தூங்குனா வேற வார்த்தை."

லெஸ்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஆன்ட்டி, உங்களுக்கும் பேச்சு வருமா?"

"மெதுவாப் பேசு. என் பிள்ளைங்களுக்கே தெரியாது. யார்கிட்டயும் சொல்லிடாத. வெக்கமா இருக்கு."

"நானும் இதையேதான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்" என்றான் லெஸ்டர். அவன் குரலைத் தாழ்த்தவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "வெக்கப்பட வேண்டியவங்க நாம இல்ல ஆன்ட்டி, அதை அடிச்சு விரட்டுனவங்க. நான் வாயை மூடுனதால என் தங்கச்சிக்கு ஒரு நல்லதும் நடக்கல. மூடியே வெச்சிருந்தா இந்த ஏழு பிள்ளைங்க மேல நானே வண்டிய ஏத்தியிருப்பேன். மொழி தெரிஞ்சவங்க ஒளிச்சு வெச்சா, அதோட நம்ம ஊரும் பேரும் செத்தவங்க கிடக்கற இடமும் சேந்து போயிடும். தெரிஞ்ச ஒவ்வொருத்தரும் வாயைத் திறந்து பேசணும், தப்பாப் பேசினாலும் பேசணும். அப்பத்தான் அது அடுத்தவங்களுக்குப் போகும்."

நோரீன் ஆன்ட்டி கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சற்றுத் தள்ளி வெர்னா நோட்டைத் திறந்து, பேனாவோடு காத்திருந்தாள்.

கிழவி தேநீரை வேலிக் கட்டைமேல் வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏழு பேரும் சேர்ந்து தூங்குகிறார்கள் என்பதைச் சரியான சொல்லில், ஆற்றின் அக்கரைக்குக் கேட்கும்படி சொன்னார்.